ராத்திரி ரவுட்டரை அணைப்பதா, விடுவதா?

விளக்கணைத்துப் படுக்கப் போகும் நேரத்தில் பல வீடுகளில் ஒரு சின்னச் சண்டை உண்டு. பெரியவர் டிவி, ரவுட்டர், கம்ப்யூட்டர் என்று எல்லா சுவிட்சையும் தட்டிவிட்டுப் போவார். பிள்ளைகள் பின்னாலேயே போய் ரவுட்டரை மட்டும் மறுபடி போடுவார்கள். "கரண்டு பில்லை யார் கட்டுறது?" என்பது ஒரு கட்சி. "அடிக்கடி ஆஃப் பண்ணா சீக்கிரம் கெட்டுப்போயிடும்" என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் எர்த், பாஸ்வேர்டு இரண்டைப் பற்றியும் இரு கட்சியும் வாய் திறப்பதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரவுட்டர் ராத்திரியும் ஓடலாம். இடிமின்னல் தொடங்கும் முன்பும் ஊருக்குப் போகும்போதும் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். மேசைக் கணினியை விடிய விடிய ஓடவிடப் பெரும்பாலான வீடுகளில் ஒரு காரணமும் இல்லை. இந்த இரண்டுக்கும் முன்பு செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலில் பில். ரவுட்டரின் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். பெருக்கினால் 12 வாட். அது உச்ச அளவு, சாதாரணமாக அவ்வளவு இழுக்காது. 10 வாட் என்றே வைத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் 60 நாளும் ஓடினால் 14.4 யூனிட். இரவில் 7 மணி நேரம் அணைத்துவைத்தால் இரண்டு மாதத்தில் மிச்சமாவது 4 யூனிட் சொச்சம். இதற்காக வீட்டில் சண்டை வேண்டாம்.

கணினியின் கதை வேறு. யாரும் தொடாமல் சும்மா நிற்கும்போதே மேசைக் கணினி சுமார் 60 வாட் இழுக்கும்; விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டு இருந்தால் இன்னும் கூடும். வேலையில்லாத 16 மணி நேரத்தைக் கணக்கிட்டால் இரண்டு மாதத்துக்கு 57 யூனிட்டுக்கு மேல். அதே நேரம் ஸ்லீப்பில் போட்டால் இரண்டு யூனிட்கூட ஆகாது. தமிழ்நாட்டில் இந்த 57 யூனிட்டுக்கு அதன் அளவைவிடப் பெரிய விலை உண்டு. வீட்டு இணைப்புக்கு 2016 முதல் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2022 கட்டண மாற்றத்துக்குப் பிறகு, 500 யூனிட்டைத் தாண்டாதவருக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குப் பாதி மானியம் கிடைக்கிறது. 500-ஐத் தாண்டினால் மேற்கொண்டு எரித்த யூனிட்டுக்கு உயர்ந்த விலை. கூடவே அந்த மானியமும் போய்விடும். 470-இல் நிற்க வேண்டிய வீட்டை 527-க்குத் தள்ளிவிட ஒரு கணினி போதும்.

நம்பிக்கை வராதவர்கள் ஈபி மீட்டரையே கேட்கலாம். மின்னணு மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் 3200 என்பது போல ஓர் எண் இருக்கும். அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட் ஓடியதாக அர்த்தம். ஃபிரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கணினியை மட்டும் சும்மா ஓடவிட்டு 10 நிமிடம் எண்ணுங்கள். 3200 எண் கொண்ட மீட்டர் 32 முறை மினுக்கினால் 60 வாட். காசு செலவில்லாத சோதனை. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் விட்டால் விளையாட்டாகச் செய்துவிடுவார்கள்.

அடுத்தது, அணைத்து அணைத்துப் போட்டால் கெட்டுப்போகும் என்ற பேச்சு. சூடாகிக் குளிரும்போது சாதனத்துக்கு ஒரு சிரமம் உண்டு, அதில் பொய்யில்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க்குகள் பல்லாயிரம் தடவை நின்று ஓடுவதற்கென்றே செய்யப்படுகின்றன. தினம் ஒரு முறை அணைத்தால் பத்து வருடத்தில் 3,650 தடவை. அதைவிடப் பெரிய எதிரி சூடு. அடாப்டருக்குள்ளும் கணினியின் பவர் சப்ளைக்குள்ளும் இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பல காலமாகப் புழங்கும் கணக்கு. நம் ஊர் மே மாதத்தில், டிவி அலமாரியின் மூடிய அறைக்குள், மேலே ஒரு பூப்போட்ட துணியும் போர்த்தி ரவுட்டரை வைக்கிறோம். அதன் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். இதமான சூடு இருந்தால் சரி. கையை வைக்க முடியாத சூடோ, உருகிய பிளாஸ்டிக் வாடையோ இருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். கரண்டு போனாலும் நெட் போகக்கூடாது என்று இப்போது பலர் வாங்கும் குட்டி யூபிஎஸ்ஸுக்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது. திரைச்சீலைக்கு அருகிலோ, மெத்தை மேலோ, பழைய பேப்பர் அடுக்கிலோ அதை வைக்கவே கூடாது.

இனி மின்னல். சித்திரை, வைகாசியில் திடீரென்று இடித்துக் கொட்டும் கோடை மழையும், ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் ரிப்பேர் கடைகளுக்கு அறுவடைக் காலம். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பது தப்பு. சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கிறது. அதற்குள் இருக்கும் இடைவெளியும் மிகச் சிறியது. மேகத்திலிருந்து பூமிவரை தாண்டி வந்த மின்சாரத்துக்கு அந்த இடைவெளி ஒரு தடையா? பிளக்கைக் கழற்றுவதுதான் பாதுகாப்பு. அதையும் இடி தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும்; தலைக்கு மேல் வெட்டிக்கொண்டிருக்கும்போது ஈரக்கையோடு பிளக்கைத் தொடப் போகாதீர்கள்.

ஃபைபர் இணைப்பில் மின்னல் வராது என்று கேபிள்காரர் சொல்வதும் அரை உண்மை. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் அந்தக் கேபிளைத் தாங்கிப் பிடிக்க உள்ளே இரும்புக் கம்பி ஓடுவதுண்டு. பெட்டிக்கு மின்சாரம் தருவதும் அதே ஈபி லைன்தான். மாடியிலிருந்து செப்புக் கம்பி லேன் கேபிள் இறங்கினால் அதுவும் ஒரு வழி. ரவுட்டரை மட்டும் பிடுங்கிவிட்டு லேன் கேபிளைக் கணினியில் விட்டுவைத்ததால் மதர்போர்டு கருகிய கதை ரிப்பேர் கடைக்காரர் எல்லோரிடமும் இருக்கும்.

ஸ்பைக் பஸ்டர் இருக்கிறதே என்பீர்கள். அதிக வோல்டேஜை அது தள்ளிவிட வேண்டிய இடம் எர்த். எர்த் இல்லாத வீட்டில் அது பெரும்பாலும் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா? கணினி ஓடும்போது சிபியூ பெட்டியின் இரும்பு உடம்பைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அப்படி இருந்தால் எர்த் வந்து சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் ஃபில்டரிலிருந்து கசியும் சிறு மின்சாரம் போக வழியில்லாமல் பெட்டியின் உடம்பிலேயே நிற்கிறது. மூன்று பின் பிளக்கின் தடித்த பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகும் வழக்கம் நம்மிடம் உண்டே, அதன் பலன் இது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியையும் கையோடு போட்டுவிட்டால் உயிருக்கும் காவல்.

மின்னலுக்கு யார் மீதும் வழக்குப் போட முடியாது. நியூட்ரல் அறுந்தால் நிலைமை வேறு. தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ தளர்ந்தாலோ, 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட் வரைகூட ஏறிவிடும். ஒரே நொடியில் தெருவில் பாதி வீடுகளில் டிவி, ரவுட்டர், கணினி எல்லாம் புகையும். அணைத்து, பிளக்கைக் கழற்றி வைத்தவர் மட்டும் தப்புவார். இப்படி நடந்தால் 'நம்ம நேரம்' என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். விடத் தேவையில்லை. மின்சாரம் வழங்குவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சேவை. அதில் குறைபாட்டால் இழப்பு வந்தால் இழப்பீடு கேட்கலாம்.

அதற்கு அன்றைக்கே சேர்க்க வேண்டியது சாட்சியம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் சொல்லிப் புகார் எண்ணை எழுதிவையுங்கள். லைன்மேன் வந்து கம்பத்தில் வேலை செய்வதை ஒரு படம் எடுங்கள். பக்கத்து வீடுகளிலும் பொருள் போயிருந்தால் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டு உதவிப் பொறியாளரிடம் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். சர்வீஸ் சென்டரில் 'அதிக வோல்டேஜால் பழுது' என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை எங்கும் செல்லாது. புகாரைக் கண்டுகொள்ளாவிட்டால் ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். இவை 2003 மின்சாரச் சட்டம் தந்த வழிகள். ஆனால் கருகிய பொருளின் விலையையே கேட்பதானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் பொருத்தமான இடம் என்பது என் கருத்து. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் இல்லாமலே வாதாடலாம். எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கம்பெனி வாரண்டியை நம்பாதீர்கள். பெரும்பாலான வாரண்டிகளில் மின்னலும் அதிக வோல்டேஜும் விலக்கப்பட்டிருக்கும்.

மின்சாரத்தைவிட எனக்குக் கவலை தருவது பாஸ்வேர்டு. எப்போதும் எரியும் ரவுட்டர் என்பது எப்போதும் உலகத்துக்குத் தெரியும் ஒரு கதவு. அதன் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் பயனர் பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின் என்றிருக்கும். கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன் ஏணியில் ஏறி, வயரை இழுத்து, ஃபோனில் வேகம் காட்டிவிட்டுப் போய்விடுவான். அதை மாற்றச் சொல்லிக்கொடுக்க அவனுக்கு நேரம் கிடையாது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அதன் கையிலிருந்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகள் 60 சொச்சம். அந்தப் படையை ஏவித்தான் அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பல மணி நேரம் முடக்கினார்கள். கேமராக்காரர்களுக்குத் தங்கள் கேமரா அந்தப் படையில் இருந்ததே தெரியாது.

மிராய் சாதனத்தின் தற்காலிக நினைவகத்தில் மட்டும் குடியிருந்தது. அணைத்துப் போட்டால் அழிந்துவிடும். ஆக, ரவுட்டரை அணைக்கும் பெரியவர் தெரியாமலே ஒரு நல்லது செய்கிறார். ஆனால் பாஸ்வேர்டு பழையதாகவே இருந்தால் போட்ட சில நிமிடத்தில் அது மறுபடி உள்ளே வந்துவிடும். 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற இன்னொன்று 54 நாடுகளில் 5 லட்சம் சாதனங்களில் புகுந்திருந்தபோது, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. அதன் வேர்ப்பகுதி அணைத்தாலும் போகாத வகை.

நம் நாட்டுச் சம்பவம் ஒன்று இதைவிடக் கனமானது. 2008 ஜூலை 26, அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. போலீசார் தடம் பிடித்துப் போய் நின்ற இடம், நவி மும்பையில் வாடகைக்குக் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீடு. அவருடைய வைஃபைக்குப் பூட்டு இல்லை. வேறு யாரோ அதில் நுழைந்து அனுப்பியிருக்கிறார்கள். அவர் குற்றமற்றவர் என்று தெளிவாவதற்குள் விசாரணை, கணினிப் பறிமுதல் எல்லாம் நடந்து முடிந்தது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலுக்குத்தான் முதலில் ஆள் வரும்.

எனவே இன்று மாலை உட்கார்ந்து செய்துவிடுங்கள். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான ரவுட்டர்களின் உள்பக்கம் திறக்கும். அட்மின் பாஸ்வேர்டும் வைஃபை பாஸ்வேர்டும் வேறு வேறாக, நீளமாக இருக்கட்டும். டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பூட்டைத் தேர்ந்தெடுங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட், டபிள்யூபிஎஸ் இரண்டையும் மூடுங்கள். பெட்டி கம்பெனியுடையது, உள்ளே போக அனுமதியில்லை என்றால் கம்பெனியிடம் கேட்டு மாற்றச் சொல்லுங்கள். மாதாமாதம் பணம் கட்டுகிறவர் கேட்பதில் கூச்சமென்ன? ரவுட்டருக்கான அப்டேட்டுகள் பெரும்பாலும் நள்ளிரவில் வருவதால், ராத்திரியில் ஓடவிடுவதற்கு அது ஒரு நல்ல காரணம். ஃபைபர் வழி லேண்ட்லைன் வைத்திருக்கும் முதியோர் வீடுகளில் ரவுட்டரை அணைத்தால் அவசரத்துக்கு ஃபோனும் இருக்காது என்பது இன்னொன்று.

கணினிக்கு வருவோம். எப்போதும் ஓடும் கணினியை யாரும் ரீஸ்டார்ட் செய்வதில்லை. அப்டேட்டுகள் வாசலிலேயே காத்துக் கிடக்கும். 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை என்ற தீநிரல், மார்ச் மாதமே மைக்ரோசாஃப்ட் அடைத்துத் தந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையாமல் போகும் அமைப்பும் உண்டு, அதனால் வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதில் ஓடும் கணினியை இரவெல்லாம் நெட்டில் விடுவது கூடுதல் ஆபத்து. 'வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று யாராவது சொல்லி, தொலைவிலிருந்தே கணினியை இயக்கவிடும் எனிடெஸ்க் போன்ற செயலியை எப்போதாவது போட வைத்திருந்தால், அது இன்னும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் தூங்கும்போது ஓடும் கணினியில் அவர்களுக்கு வேலை சுலபம்.

பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியலாம். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வாய்ப்புண்டு. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறிடத்து ஓட்டையால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் இழப்பு உங்களுடையது ஆகாது என்பது 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் புகார் தரும் வரை போனது உங்கள் கணக்கு. அனுமதியின்றி, மோசடி எண்ணத்தோடு உங்கள் கணினியிலோ நெட்வொர்க்கிலோ நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. அதே சட்டத்தில் இழப்பீடு கேட்கவும் வழியுண்டு, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே அதைத் தீர்மானிக்கும் அதிகாரி. கணினியில் தீநிரல் இருக்கிறதா என்று பார்த்து நீக்கும் கருவிகளை சைபர் ஸ்வச்சதா கேந்திரா என்ற மத்திய அரசுத் தளம் இலவசமாகத் தருகிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பயத்தில் கணினியை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். தெரிந்த பையன் யாராவது ஐந்து நிமிடத்தில் சுத்தம் செய்து தருகிறேன் என்பான், விடாதீர்கள். லேன் கேபிளைப் பிடுங்கி வைஃபையை நிறுத்துங்கள், திரையில் தெரிவதை ஃபோனில் படமெடுங்கள், ரவுட்டரையும் கணினியையும் அப்படியே விட்டுவையுங்கள். புகாரை விசாரிப்பவருக்குத் தேவையான தடயம் அவற்றுக்குள்தான் இருக்கிறது.