தாயை வைத்தே குட்டியைக் கணக்கெடுக்கிறார்கள்

பள்ளி விடுமுறை வந்தால் சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் பக்கமிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோலக்கெடாவில் பெர்ரி ஏறுகிறோம். லங்காவியில் கழுகு பார்க்கிறோம், கேபிள் கார் ஏறுகிறோம். அந்தத் தீவைச் சுற்றியுள்ள கடலில் டால்பின்கள் குட்டி போட்டு வளர்ப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2010 முதல் அங்கே அவற்றைப் பற்றி ஆய்வு நடக்கிறது. நடத்துவது மரேசெட் என்ற மலேசிய அமைப்பு; அதை நிறுவியவர்களில் ஒருவர் கடல் பாலூட்டி ஆய்வாளர் டாக்டர் லூயிசா பொன்னம்பலம்.

லங்காவியில் முக்கியமாக இரண்டு வகை டால்பின்களைக் காணலாம்: முதுகில் திமில் கொண்டது ஒன்று, உருண்டைத் தலையுள்ள ஐராவதி மற்றொன்று. ஆய்வாளர்கள் படகில் போய் முதுகுத் துடுப்பைப் படமெடுப்பார்கள். வலை அறுத்த வடு, சண்டையில் பட்ட பல் தடம், விளிம்பில் விழுந்த வெட்டு ஆகியவற்றை வைத்து இது எந்த டால்பின் என்று பிரித்தறிவார்கள்.

குட்டி விஷயத்தில்தான் சிக்கல். பிறந்த குட்டியின் துடுப்பில் ஒரு கீறலும் இருக்காது. ஆகவே வடு உள்ள தாயை அடையாளம் கண்டு, அவளை ஒட்டியே நீந்துவதை அவள் பிள்ளையென்று எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த முறையும், அதற்கடுத்த ஆண்டும் அதே தாயைத் தேடிப் பிடிக்க வேண்டும். பொறுமைதான் இந்த ஆய்வின் முதல்.

உற்றுப் பார்த்தால் குட்டியே சில விவரம் சொல்லும். பிறக்கும்போது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், கருஞ்சாம்பல் நிறம். வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த தடம் விலாவில் வெளிர்க் கோடுகளாகத் தெரிந்தால் அது பச்சிளம் குட்டி. மூச்சு விடும்போது பெரியவை போல அலுங்காமல் எழத் தெரியாது. தலையை மொத்தமாக வெளியே தூக்கும். தாயின் உடல் கிளப்பும் நீரோட்டம் இழுத்துச் செல்வதால் குட்டிக்கு நீந்தும் சிரமம் குறைவு. வளர வளரச் சாம்பல் நிறம் வெளிறி, திமில் டால்பினில் இளஞ்சிவப்பு தட்டும்.

குட்டிக்குப் பழக்கவழக்கம் எப்படி வருகிறது என்பதை வெளிநாட்டு ஆய்வுகள் விரிவாகக் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் சரசோட்டா விரிகுடாவில் 1970-இல் தொடங்கிய ஆய்வு இன்னும் தொடர்கிறது. அங்குள்ள புட்டிமூக்கு டால்பின் குட்டி, பிறந்த சில மாதங்களிலேயே தனக்கென்று ஒரு விசில் ஒலியை உருவாக்கிக்கொள்கிறது. தாயைப் பிரிந்தால் அந்த ஒலியால் தான் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும். ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் சில தாய்கள் மூக்கின் நுனியில் கடற்பஞ்சை மாட்டிக்கொண்டு கடலடியில் இரை கிளறும். அதை அதிகம் கற்பவை மகள்களே. ஆண் குட்டிகள் வளர்ந்ததும் தங்களுக்குள் கூட்டணி சேர்ந்து, பல்லாண்டு பிரியாமல் திரியும்.

ஆக, டால்பினின் கல்வி தாயருகே நடக்கிறது. படகு வேகமாக நடுவில் புகுந்தால் தாயும் குட்டியும் பிரிந்துபோகும். எஞ்சின் சத்தம் விசிலை அமுக்கிவிடும். மீன்வலையில் சிக்கினால் மூச்செடுக்க மேலே வர முடியாமல் குட்டி இறந்துபோகும். ஐராவதி டால்பின் உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனம். 1999-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டவிதிகள் மலேசியக் கடலில் டால்பின்களைப் பாதுகாக்கின்றன. ஆனால் படகில் சட்டத்தை நினைவூட்ட வேண்டியவர்கள் பயணிகளாகிய நாம்தான். டால்பின் தெரிந்ததும் "பெலான்-பெலான், பாங்" (மெதுவாக, அண்ணே) என்று படகோட்டியிடம் சொல்லுங்கள். துரத்தச் சொல்லாதீர்கள், நடுவே போகச் சொல்லாதீர்கள். இழந்த குட்டிக்கு ஈடு எளிதில் வராது: திமில் டால்பினின் கர்ப்பகாலமே கிட்டத்தட்ட 11 மாதம், ஒரு பேறுக்கு ஒரே குட்டி.