சாட்சிக்கு ஓர் ஊர்

நூறு ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரின் பங்சார் ஒரு ரப்பர்த் தோட்டம். பங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயரைத் தாங்கியது. மரம் சீவியவர்கள் தமிழர்கள். பக்கத்துப் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தாரும் தமிழ்நாட்டாரும் குடியிருந்தார்கள். அவர்களில் கொஞ்சம் பேர் வேதக்காரர்கள். இன்றும் மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான்.

அந்தக் கொஞ்சம் பேரில் பலருக்கு விசுவாசம் கப்பலேறும்போதே கூட வந்த பரம்பரைச் சொத்து. லுத்தரன் குடும்பங்களின் வேர் தரங்கம்பாடி மிஷன் வரை போகும். பாட்டன் காலத்திலேயே ஞானஸ்நானம் ஆகிவிட்ட வீட்டில், ஆண்டவரைக் கண்ட கதையென்று தனியாகச் சொல்ல அதிகம் இருக்காது. அப்படிச் சொல்லும் ஆசையை வெளியிலிருந்து வந்தவர்களே ஊட்டினார்கள். வேதாகமத்தை எரித்த சீக்கிய இளைஞன் 1904 டிசம்பரில் தரிசனம் கண்டு மனம் மாறினான். சாது சுந்தர் சிங்காக ஊர் ஊராகத் தன் கதையைச் சொல்லிக்கொண்டு 1919 வாக்கில் மலாயாவுக்கும் வந்தார். 1930-களில் இலங்கைப் பெந்தேகொஸ்தே மிஷன் ஊழியர்கள் வந்தார்கள். சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் தன்னை மாற்றிய கதையைச் சாட்சியாகச் சொல்வது பழக்கமானது.

வேலை முடிந்த மாலையில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில், ஒரு வீட்டில் பாய் விரித்து ஜெபக் கூட்டம். ஒருவர் எழுந்து, தோத்திரம் சொல்லி, தான் குடியை விட்ட கதையை ஆரம்பிப்பார். சாட்சி நீளும், சுற்றும், அழுகையில் நின்றுபோகும். கேட்பவர்களோ ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட அண்டை வீட்டார். அவர் மனைவி பட்ட அடியின் சத்தம் அவர்களுக்குத் தெரியும். அடுத்த சம்பள நாளில் அவர் கால் கள்ளுக்கடைப் பக்கம் திரும்புகிறதா என்று பார்க்கத் தோட்டமே இருந்தது, இந்துக்கள் உட்பட. சொன்ன சாட்சியை மறுநாளிலிருந்து வாழ்ந்து காட்டியாக வேண்டும். இந்தக் கண்டிப்புக்காகவே அந்தக் காலத்து எளிய சாட்சிகளின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பிறகு கேசட் வந்தது. 1955-இல் ரயில் தண்டவாளத்தில் உயிரை விடப் போன தமிழ்நாட்டு நற்செய்தியாளர் டி.ஜி.எஸ். தினகரன், உறவினர் ஒருவர் பேசியதால் திரும்பி வந்த கதை கடல் கடந்து இங்குள்ள வீடுகளிலும் ஒலித்தது. எத்தனையோ பேரை அது தேற்றியது. ஆனாலும் சொன்னவர் வேறொரு நாட்டில் இருந்தார். கேட்டவர்கள் அவருடைய அண்டை வீட்டார் அல்ல.

இன்றைய பங்சாரில் தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. கொண்டோமினியத்தின் பதினைந்தாம் மாடியில் செல் குழு என்ற சிறு ஜெபக் குழு கூடுகிறது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் சாட்சி சொல்கிறார்கள், பாட்டி பாதி புரிந்து தலையாட்டுகிறார். மூன்று நிமிடத்தில் சொல்லப் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன: முன்பு எப்படி இருந்தேன், எப்படி மாறினேன், இப்போது எப்படி இருக்கிறேன். 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆலயக் கதவுகள் மூடியபோது, சாட்சி முழுதாகக் கைப்பேசிக்குள் போனது. வாட்ஸ்அப்பில் ஏறியது யார் கைக்குப் போகும், முஸ்லிம் ஒருவர் கைக்கும் போகுமா என்று சொன்னவருக்கே தெரியாது. இந்த நாட்டில் அது சின்ன விஷயம் அல்ல. முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த அரசியல் சாசனத்தின் 11(4) பிரிவு இடம் தருகிறது. சிலாங்கூரில் 1988-இலேயே அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது.

நல்லதும் நடந்திருக்கிறது. மனச்சோர்வைப் பற்றி, வீட்டுக்குள் நடந்த வன்முறையைப் பற்றி இன்று பெண்கள் தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள். லயத்தில் அடிபட்ட அந்த மனைவியிடம் அவள் சாட்சியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எனக்குக் கவலை வேறு. மூன்று நிமிடத்துக்குள் வெற்றிதான் அடங்குகிறது. புற்றுநோய் மறைந்தவர் மேடைக்கு வருகிறார். அதே ஜெபத்தை அதே கண்ணீரோடு செய்தும் குணமாகாதவர் பின்வரிசையில் பேசாமல் இருக்கிறார். அவருடைய விசுவாசமும் சாட்சிதானே? அவரை எழுந்து பேசச் சொல்லும் போதகர்கள் இன்னும் அதிகமாக வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் தன் கதையை அகிரிப்பா ராஜாவுக்குச் சொல்வதற்கு முன்பே, தன்னை நன்கு அறிந்த எருசலேம் கூட்டத்துக்குச் சொல்கிறார். அவர்கள் கேட்டுவிட்டுக் கூச்சல் போட்டார்கள். அப்படியும் அவர்களிடம்தான் முதலில் சொன்னார்.

நமக்கும் அப்படி ஒரு கூட்டம் மிச்சம் இருக்கிறது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போகிறோம், நம் சாட்சிக் காணொளியைப் பார்த்துவிட்ட இந்து மாமா முறுக்குத் தட்டை நீட்டியபடியே, "ஏம்மா, ஆண்டவர் உன்னை மாத்திட்டார்னு சொன்னியே, அப்புறம் ஏன் உன் அண்ணன்கிட்ட இன்னும் பேசாம இருக்க?" என்று கேட்கிறார். காணொளிக்குக் கீழே ஆமென் போட்ட யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவருக்குப் பதில் சொல்ல மூன்று நிமிடம் போதாது. முதலில் அண்ணன் வீட்டுக்குப் போய்வர வேண்டும்.