நாற்காலியில் இருந்த ஓட்டக்காரர்

மாரத்தான் என்னும் நெடுந்தூர ஓட்டம் 42.195 கிலோமீட்டர் கொண்டது. அதில் இறங்குகிறவருக்குக் குடும்பத்தாரின் ஒத்தாசை வேண்டும் என்று சொன்னால், விடியுமுன் எழுந்து கஞ்சி காய்ச்சித் தரும் மனைவியும், சாலையோரம் நின்று கைதட்டும் பிள்ளைகளுமே நம் மனக்கண்முன் வருவார்கள். ஆனால் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஹாய்ட் குடும்பத்தாரின் விருத்தாந்தத்தைப் படித்தபோது, ஒத்தாசை செய்தவர் யார், அதைப் பெற்றவர் யார் என்பதே எனக்கு வெகுநேரம் புலப்படவில்லை.

1962 ஜனவரியில் ரிக் ஹாய்ட் பிறந்தபோது தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டு, மூளைக்குப் பிராணவாயு செல்வது தடைப்பட்டதால், கைகால்களும் நாவும் அவன் வசத்தில் இல்லாமற் போயின. குழந்தையை ஏதேனும் ஒரு காப்பகத்தில் விட்டுவிடுவதே உசிதம் என்று வைத்தியர்கள் கூறிய யோசனையைத் தந்தை டிக்கும் தாய் ஜூடியும் ஏற்கவில்லை. அறைக்குள் தாங்கள் நடமாடும் திக்கெல்லாம் குழந்தையின் கண்களும் தொடர்ந்து வருவதை அவர்கள் கண்டிருந்தார்கள். உப்புத்தாளில் எழுத்துகளைக் கத்தரித்து, மகனின் விரல்களைப் பிடித்து அவற்றின்மேல் தடவவைத்து, ஜூடி அவனுக்கு அட்சராப்பியாசம் செய்வித்தாள். பள்ளிக்கூடக் கதவுகளைப் பல ஆண்டுகள் தட்டி, அவனை மற்றப் பிள்ளைகளோடு உட்காரவைத்தவளும் அவளே. பிற்காலத்தில் அந்தத் தம்பதிகள் பிரிந்துவிட்டார்கள். தந்தையும் மகனும் ஓடிய புகழில் தாயின் பிரயாசை ஓரளவு மறைந்துபோயிற்று என்பது என் அபிப்பிராயம்.

டஃப்ட்ஸ் சர்வகலாசாலையின் இன்ஜினீயர்கள் 1972-ல் ரிக்குக்காக ஒரு கம்ப்யூட்டரைச் செய்து கொடுத்தார்கள். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து ஒளிரும் கணத்தில், தலைக்குப் பக்கத்தில் உள்ள விசையைத் தலையால் தட்டவேண்டும். முதல் வார்த்தையாக அம்மாவை அழைப்பானா, அப்பாவை அழைப்பானா என்று வீட்டார் ஆவலோடு காத்திருக்க, பாஸ்டன் நகரத்துப் பனிக்கட்டி ஹாக்கி அணியான புரூயின்ஸுக்கு ஜே போட்டான் பையன்! அந்த வயதில் பெற்றோரைவிட விளையாட்டே பெரிது என்பது எந்தத் தேசத்திலும் சகஜந்தானே.

1977-ல், விபத்தில் முடங்கிப்போன ஒரு விளையாட்டு வீரனுக்கு உதவி நிதி திரட்டுவதற்காக ஐந்து மைல் ஓட்டம் ஒன்று நடந்தபோது, தானும் கலந்துகொள்ளவேண்டும் என்று ரிக் கேட்டான். ராணுவ உத்தியோகஸ்தரான டிக்குக்கு அப்போது வயது 36. ஓட்டப் பழக்கமோ கிடையாது. இருந்தும் மகனின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே கடைசிக்கு முந்தினவராக வந்து சேர்ந்தார். அன்றிரவு ரிக், ஓடும்போது தன் ஊனம் தனக்குத் தெரியவில்லை என்று விசையைத் தட்டித் தட்டித் தெரிவித்தான். அந்த ஒரு வாக்கியம்தான் டிக்கை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஓடவைத்தது.

1981-ல் பாஸ்டன் மாரத்தானுக்கு மனுச் செய்தபோது, முறைப்படி அனுமதி கிடைக்கவில்லை. தகுதி வேண்டுமானால், தந்தையின் வயதுக்குரிய நேரத்தில் அல்ல, இளைஞனான மகனின் வயதுக்குரிய நேரத்தில் ஓடிக் காட்டவேண்டும் என்ற விசித்திரமான நிபந்தனையும் பிறந்தது. தடுப்பதற்காகச் செய்த உபாயமோ என்னவோ, அது பலிக்கவில்லை. 1983-ல் வாஷிங்டனில் நடந்த மரீன் கோர் மாரத்தானை அவர்கள் 2 மணி 45 நிமிஷங்களில் முடித்தார்கள். 1992-ல் அந்த நேரமும் 2 மணி 40 நிமிஷங்களாகக் குறைந்தது. வெறுங்கையோடு ஓடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுளில் எட்டாத வேகம் இது. இதற்கிடையே, நீந்தத் தெரியாத டிக் நீச்சல் கற்றுக்கொண்டு, மகன் படுத்திருக்கும் ரப்பர்ப் படகைக் கயிற்றால் தம் உடலோடு பிணைத்து இழுத்துக்கொண்டு 3.8 கிலோமீட்டர் நீந்தினார். அதே நாளில் 180 கிலோமீட்டர் சைக்கிளும் மிதித்து, அதன்பின் ஒரு முழு மாரத்தானும் ஓடினார்.

தனியாக ஓடினால் இன்னும் விரைவாக வரலாமே என்று சொன்னவர்களுக்கு அவர் இணங்கவேயில்லை. ஓட்டக்காரன் ரிக்தான், தாம் கையும் காலும் இரவல் கொடுப்பவர் மட்டுமே என்பது அவருடைய கட்சி. இதைத் தந்தையின் அடக்கம் என்று ஒதுக்கிவிட இருந்தேன். ஆனால் 2003-ல் அவருக்கு லேசான மாரடைப்பு வந்தபோது, இருதயத்து ரத்தக்குழாய் ஒன்று பெரும்பாலும் அடைபட்டிருப்பதைக் கண்ட வைத்தியர்கள், ஓட்டத்தால் உடல் உரமேறியிராவிட்டால் பல வருஷங்களுக்கு முன்பே இறந்திருப்பீர்கள் என்றார்களாம்.

இதுவே கடைசி என்று எண்ணி 2013-ல் பாஸ்டனில் ஓடினார்கள். முடிவுக்கோட்டருகே குண்டுகள் வெடித்ததால் நடுவழியில் நிறுத்தப்பட்டார்கள். மறு ஆண்டு, 73 வயதுத் தந்தை 52 வயது மகனைத் தள்ளிக்கொண்டு, தங்கள் இருவருக்கும் வெண்கலச் சிலை நிற்கும் ஹாப்கிண்டனிலிருந்து மீண்டும் புறப்பட்டு, முடிவுக்கோடு உள்ள பாய்ல்ஸ்டன் தெரு வரை வந்து சேர்ந்தார். நாற்காலி முன்னால் இருக்கிறபடியால், வழக்கம்போல் மகனே முதலில் கோட்டைத் தாண்டினார். தந்தை ஓரடி பின்னால்.