கறவை மாடுகளின் தீவனத்தில் நுண்தாதுக்கள்: குறையும் முரண்வினையும்

முன்னுரை

கறவை மாட்டிற்குத் தேவையான தாதுக்களைப் பேரளவுத் தாதுக்கள், நுண்தாதுக்கள் என இருவகைப்படுத்துவர். சுண்ணாம்புச்சத்து, மணிச்சத்து முதலியவை நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் தேவைப்படும். தாமிரம், துத்தநாகம், மாங்கனீசு, கோபால்ட், அயோடின், செலினியம் ஆகியவை மில்லிகிராம் கணக்கிலேயே தேவைப்படும். எனினும், இவை குறையுமாயின் சினைபிடிப்பு, நோய் எதிர்ப்பாற்றல், பால் உற்பத்தி ஆகியன பாதிப்புறும். இக்குறையைக் கண்டறிந்து ஈடுசெய்வதில் உள்ள சிக்கல்களைக் கோபால்ட், தாமிரம் ஆகிய இரண்டின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

கோபால்ட்: மண்ணில் தொடங்கும் குறை

மேற்கு ஆஸ்திரேலியாவின் டென்மார்க் பகுதியில் மேய்ச்சலுக்குப் புல் இருந்தும் மாடுகள் மெலிந்து மடிந்தன. இரும்புக் குறையே காரணம் எனக் கருதி லிமோனைட் என்னும் இரும்புத்தாது கொடுக்கப்பட்டது, மாடுகள் தேறின. ஆயினும், பயன் தந்தது இரும்பு அன்று, அத்தாதுவில் கலந்திருந்த கோபால்ட்டே என்பதை அண்டர்வுட், ஃபில்மர் ஆகியோர் 1935இல் நிறுவினர். 1948இல் பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12இல் கோபால்ட் இருப்பது தெரியவந்தபின் காரணம் தெளிவாயிற்று. அசையூண் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகள் கோபால்ட்டைக் கொண்டே அவ்வைட்டமினை உருவாக்குகின்றன.

தாமிரம்: தீவனத்தில் இருந்தும் கிட்டாமை

இங்கிலாந்தின் சாமர்செட் மேய்ச்சல் நிலங்களில் மாடுகளுக்கு ஏற்பட்ட கடும் கழிச்சலுக்குப் புல்லில் மிகுந்திருந்த மாலிப்டினமே காரணம் என 1938இல் அறியப்பட்டது. தாமிர சல்பேட் அதனைக் கட்டுப்படுத்தியது. மாலிப்டினமும் கந்தகமும் அசையூண் வயிற்றில் இணைந்து தயோமாலிப்டேட் சேர்மங்களாகித் தாமிரத்தைப் பிணைத்துவிடுகின்றன. எனவே, தீவனப் பகுப்பாய்வில் தாமிரம் போதிய அளவு காணப்படினும் மாட்டின் உடலில் குறை நேரலாம்.

இதனைக் கொண்டு தாமிரத்தை வரம்பின்றிச் சேர்த்தலும் தவறாகும். மிகைத் தாமிரம் கல்லீரலில் சேர்ந்து, திடீரென இரத்தத்தில் கலக்கும்போது சிவப்பணுக்கள் சிதைந்து மாடு இறக்கவும் கூடும். கல்லீரல் இருப்பு பெரிதும் குறையும்வரை இரத்தத்தில் தாமிர அளவு இயல்பாகவே தோன்றும் என்பதால், இரத்தப் பரிசோதனை மட்டும் குறையைக் காட்டப் போதாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், நுண்தாதுக்களை எல்லா வட்டாரத்திற்கும் ஒரே அளவில் வகுத்தல் பொருந்தாது என்பது பெறப்படும். பெங்களூருவிலுள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் முன்னெடுத்த வட்டாரத்திற்கேற்ற தாது உப்புக் கலவை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. மண், தீவனம், குடிநீர், மாட்டின் உடல்நிலை ஆகிய நான்கையும் ஒருங்கே ஆராய்ந்து அளவை வரையறுத்தலே குறையையும் மிகையையும் தவிர்க்கும் வழியாகும்.