குழந்தை வளரும்... செயற்கைக் கால் வளராது!

ராமேஸ்வரம் தீவில் பிள்ளைகளை வீட்டுக்குள் பிடித்து வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வாசலைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். பாம்பனோ தங்கச்சிமடமோ ஓலைக்குடாவோ, எந்த ஊராக இருந்தாலும் பள்ளிக்கூடம் விட்டதும் கரையில் ஏற்றிவைத்த வள்ளங்களைச் சுற்றி ஓட்டம்தான்.

அந்தக் கூட்டத்தில் ஓடும் ஒரு குழந்தைக்கு ஒரு கால் செயற்கைக் கால் என்றால், பெற்றவர்கள் என்ன செய்வது? 'ஓடாத, விழுந்துடுவ, தண்ணிக்குள்ள இறங்காத' என்று பின்னாலேயே போவதா? போகட்டும் என்று விட்டுவிடுவதா?

இந்தக் கேள்வியை யோசிக்கும்போது, இதே தீவில் பிறந்த ஒருவரின் அனுபவத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

மூன்று கிலோவிலிருந்து 300 கிராம்

டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம், ஹைதராபாத்தில் ஏவுகணை ஆய்வுக்கூடத்தில் அக்னி ஏவுகணைக்காக உழைத்துக்கொண்டிருந்த காலம். நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அங்கே வந்தார். ஏவுகணைக்காக உருவாக்கிய ஒரு பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தவர், அதன் எடை இவ்வளவு குறைவா என்று வியந்தார். உடனே கலாமைத் தன் மருத்துவமனைக்கு அழைத்துப்போய்ப் பிள்ளைகளைக் காட்டினார்.

கால் ஊனமுற்ற சிறுவர்களும் சிறுமிகளும், மூன்று கிலோவுக்கும் அதிக எடையுள்ள உலோகக் காலிப்பர்களை மாட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பிள்ளைகளின் வலியைப் போக்குங்கள் என்று கேட்டுக்கொண்டார் அந்த மருத்துவர். மூன்றே வாரத்தில், ஏவுகணைக்கான அதே பொருளில் 300 கிராம் எடையுள்ள காலிப்பர் தயாரானது. அதை மாட்டிக்கொண்ட பிள்ளைகள் தங்கள் கண்களையே நம்பவில்லை. சுமையை இழுத்துக் கிடந்தவர்கள் வளைய வரத் தொடங்க, பார்த்த பெற்றோர் கண்கலங்கினார்கள். தன் வாழ்வின் பேரின்பத் தருணங்களில் ஒன்றாக இதைக் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

காலிப்பர் என்பது இருக்கும் காலுக்குத் தாங்கல். செயற்கைக் கால் என்பது இல்லாத காலுக்கு மாற்று. இரண்டும் வேறு வேறு. ஆனால், அந்த மருத்துவமனைக் கூடம் சொல்லும் பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான். அந்தப் பிள்ளைகளுக்கு ஓட ஆசை முன்பும் இருந்தது. தடுத்தது காலில் இருந்த சுமை. ஓடியாடும் குழந்தை திடீரென்று மூலையில் உட்கார்ந்தால், குழந்தையைக் கடிந்துகொள்ளும் முன் காலைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

கால் எப்போது சின்னதாகிறது?

இந்தியாவில் இளம்பிள்ளை வாதம் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2014 மார்ச்சில் சான்றளித்தது. இன்று சிறு குழந்தைகளுக்குச் செயற்கைக் கால் தேவைப்படுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. முழங்காலுக்குக் கீழே எலும்பு முழுதாக உருவாகாமல் பிறப்பது, சாலை விபத்து, கடுமையான நோய்த்தொற்று, எலும்புப் புற்றுநோய் போன்றவை அவற்றில் முக்கியமானவை. பிறவியிலேயே கால் குறைபாடு உள்ள குழந்தைக்கு, அது எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க முயலும் பருவத்தில், அதாவது ஒரு வயதையொட்டி, முதல் செயற்கைக் காலைப் பொருத்துகிறார்கள். மற்றக் குழந்தைகள் நடை பழகும் வயதிலேயே இந்தக் குழந்தையும் பழகட்டும் என்பதுதான் காரணம்.

பல குடும்பங்கள் தடுமாறுவது அதற்குப் பிறகுதான். கால் கிடைத்துவிட்டது, கவலை தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் குழந்தை வளரும், செயற்கைக் கால் வளராது. சட்டை சின்னதானால் கண்ணுக்குத் தெரியும். கால் சின்னதானால் அவ்வளவு சீக்கிரம் தெரியாது. பொதுவாக, ஐந்து வயது வரை ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் பன்னிரண்டு வயது வரை சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், வளர்ச்சி நிற்கும்வரை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறையும் புதிய கால் தேவைப்படும். துறுதுறுவென்று ஓடும் பிள்ளைக்கு, வளர்ச்சிக்கு முன்பே கால் தேய்ந்துபோவதும் உண்டு.

மாற்றும் நேரம் வந்துவிட்டதைக் குழந்தையின் உடலே காட்டிக்கொடுக்கும். நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிறதா? நிற்கும்போது இடுப்பும் தோளும் ஏறி இறங்கித் தெரிகின்றனவா? காலைப் பொருத்தும் கிண்ணம் போன்ற பகுதியான சாக்கெட்டுக்கு மேலே சதை பிதுங்குகிறதா? விளையாட்டின் நடுவே காலைக் கழற்றி எறிகிறதா? இவையெல்லாம் அடம் போலத் தெரியும். பல நேரம் அவை அளவு போதவில்லை என்ற தகவல்.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விபத்திலோ நோயிலோ எலும்பின் நடுவே கால் துண்டிக்கப்பட்ட குழந்தைகளுக்கு, அந்த எலும்பின் முனை மேலும் வளர்ந்து தோலை உள்ளிருந்து குத்தக்கூடும். நுனியில் கூரான வலியோ, தோல் இறுகி மெலிந்தது போன்ற தோற்றமோ தெரிந்தால், புதிய சாக்கெட் கேட்டுப் போவதற்கு முன் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிலருக்குச் சிறு அறுவை சிகிச்சை தேவைப்படும். இது வளரும் எலும்பின் இயல்பு. விளையாடவிட்டதால்தான் இப்படி ஆனது என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

வெறுங்காலுக்கு ஏற்ற பாதம்

செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவதும், தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவதும், குந்தி உட்காருவதும் நம் பழக்கம். மேலைநாட்டுச் செயற்கைப் பாதங்கள் ஷூவுக்குள் மறைந்திருக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. நம் ஊர் வாழ்க்கைக்கு இவை ஒத்துவரவில்லை என்பதைக் கண்டுதான், 1968-ல் ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேத்தியும், கைவினைக் கலைஞர் ராம் சந்திர சர்மாவும் ரப்பரால் ஆன 'ஜெய்ப்பூர் கால்' என்ற பாதத்தை உருவாக்கினார்கள். வெறுங்காலோடு நடக்கலாம், குந்தி உட்காரலாம், ஈரத்திலும் சேற்றிலும் இறங்கலாம். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும், 1987-ல் தொடங்கிய ஜெய்ப்பூர் மையம் போர்க்காலம் முழுக்க ஆயிரக்கணக்கானோரை மறுபடி நடக்கவைத்தது.

கரையோரக் குடும்பங்கள் கால் வாங்கப் போகும்போது, இந்தப் பிள்ளை எங்கே வளர்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் வெறுங்கால்தானா, பள்ளிக்கு ஷூவா, மணலில் விளையாடுமா, தண்ணீரில் இறங்குமா? குதிகால் உயர்ந்த ஷூவுக்கு ஏற்றபடி கோணம் வைத்த கால், வெறுங்காலாக நிற்கும்போது குழந்தையைப் பின்பக்கமாகச் சாய்க்கும். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பிள்ளை வீட்டில் காலை மாட்டவே மாட்டேன் என்கிறது என்று பிறகு வருந்துவதில் பயனில்லை.

மணலிலும் வேறுபாடு உண்டு. அலை நனைத்துப் போன இறுகிய மணல், ஓடிப் பழக நல்ல தரை. மேலே இருக்கும் காய்ந்த மணலில் பாதம் புதையும், சீக்கிரம் களைப்பு வரும். ஆனால் விழுந்தால் அடிபடாத இடமும் அதுதான். எப்படி விழுவது, எப்படி உருண்டு எழுவது என்று சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

உப்பு, வேர்வை, மணல்

கடலோரத்தில் கால் பராமரிப்பு கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால் தினம் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

* மிச்சமிருக்கும் காலை இரவில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். காலையில் கழுவி, ஈரம் காயும் முன் மாட்டினால் தோல் உரசிப் புண்ணாகும்.

* சாக்கெட்டின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து இரவு முழுதும் காயவிட வேண்டும். ஒரு மணல் பருக்கை போதும், கொப்புளம் கிளப்பிவிடும்.

* பருத்திக் காலுறை இரண்டு மூன்று ஜோடி இருக்கட்டும். நம் ஊர் வேர்வைக்கு, ஒரு ஜோடி பள்ளிப் பையில் இருந்தே ஆக வேண்டும். மதியம் மாற்றிக்கொள்ளும் பழக்கத்தை முதல் வகுப்பிலேயே ஏற்படுத்திவிடலாம்.

* கழற்றியதும் தோலில் சிவப்புத் தடம் தெரிவது சாதாரணம். இருபது நிமிடத்துக்குப் பிறகும் மறையவில்லையென்றால், அந்த இடத்தில் சாக்கெட் அழுத்துகிறது. புண் ஆகிவிட்டால், ஆறும்வரை கால் மாட்டக் கூடாது.

* கடல் தண்ணீரில் நனைந்தால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். உலோக மூட்டும் திருகும் உள்ள கால் உப்பில் துருப்பிடிக்கும். அதை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கலாமா என்று செய்து கொடுத்தவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

வீட்டுக்குள் காலைக் கழற்றிப் போட்டுவிட்டு நொண்டியடித்தோ தவழ்ந்தோ போனால் தடுக்க வேண்டாம். பள்ளிவிட்டு வந்ததும் நாம் செருப்பைக் கழற்றுவது போலத்தான் அதுவும்.

தடைக்காலமே தக்க காலம்

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை மேலும் 110 கிலோமீட்டருக்கு மேல். அளவெடுக்க ஒரு நாள், பொருத்திப் பார்க்க ஒரு நாள், சரிசெய்ய இன்னொரு நாள் என்று கால் ஒரே பயணத்தில் முடிகிற விஷயமில்லை. அப்பா கடலுக்குப் போயிருப்பார். அம்மா பாசி எடுக்கவோ கருவாட்டு வேலைக்கோ போயிருப்பார். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போவது அலட்சியத்தால் அல்ல. ஆனால் அந்த அடுத்த மாதத்துக்குள் பிள்ளை ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. ஒருமுறை மூலையில் உட்காரப் பழகிய குழந்தையை மறுபடி எழுப்புவது, புதிய கால் வாங்குவதைவிடச் சிரமம்.

இதற்கு இந்தக் கடற்கரையின் நாட்காட்டியிலேயே ஒரு வழி இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கும் கோடை விடுமுறை. விசைப்படகில் போகும் அப்பா வீட்டில் இருக்கும் காலம் அது. கையில் காசு குறைவாக இருக்கும்தான். ஆனால் அரசு வழியில் போனால் காலுக்குச் செலவில்லை. விடுமுறை தொடங்கும் முன்பே விண்ணப்பித்து, தடைக்காலத்தில் அளவெடுத்துப் பொருத்தி, பள்ளி திறக்கும்போது புதிய காலோடு அனுப்பலாம். நாட்டுப்படகுக் குடும்பங்களுக்கும் பள்ளி விடுமுறை வசதியான நேரம்தான்.

முதலில் கையில் இருக்க வேண்டியது, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. அரசு மருத்துவர் ஊனத்தின் அளவைச் சான்றளித்த பிறகு இது கிடைக்கும். ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்தால் செயற்கைக் கால் இலவசமாகக் கிடைக்க வழியுண்டு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும், சென்னை கே.கே.நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும் செயற்கை அவயவப் பிரிவுகள் உள்ளன. ஒருமுறை வாங்கியாயிற்று, மறுபடி எப்படிக் கேட்பது என்ற தயக்கம் வேண்டாம். வளரும் பிள்ளைக்குக் கால் திரும்பத் திரும்பத் தேவைப்படும் என்பது அங்கே இருப்பவர்களுக்கும் தெரியும்.

பி.டி. பீரியடில் ஓரமாக உட்காரவைக்காதீர்கள்

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு. வகுப்பறையில் இடம் கிடைத்துவிடுகிறது. விளையாட்டு மைதானத்தில்தான் 'நீ பையைப் பார்த்துக்க' என்று உட்காரவைத்துவிடுகிறார்கள்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில், ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்த ஒரு சிறுவனைப் பள்ளி விளையாட்டு ஆசிரியர் அப்படி உட்காரவைக்கவில்லை, உயரம் தாண்டவைத்தார். காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்த அம்மாவின் மகனான அந்த மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. எல்லாப் பிள்ளைக்கும் விளையாட ஒரு முறை வர வேண்டும்.

பள்ளி தொடங்கும் வாரத்திலேயே வகுப்பாசிரியரைச் சந்தித்து மூன்று விஷயங்களைச் சொல்லிவிடலாம்: மதியம் காலுறை மாற்ற ஓர் இடம் வேண்டும், விழுந்தால் பதறாமல் தானாக எழ விட வேண்டும், வலி என்று சொன்னால் நம்ப வேண்டும். மற்றப் பிள்ளைகள் 'இது என்னடா காலு?' என்று கேட்கத்தான் செய்வார்கள். அதற்கு ஒரு வரிப் பதிலை வீட்டிலேயே சொல்லிப் பழக்கிவிட்டால் போதும். 'இது என்னோட ஓடுற காலு' என்று குழந்தை சிரித்துக்கொண்டே சொன்னால், கேட்டவர்கள் அடுத்த நிமிடம் ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். சாக்கெட் செய்யும்போதே பிள்ளைக்குப் பிடித்த படம் போட்ட துணியை அதன்மேல் பதித்துத் தரவும் முடியும். மறைக்க வேண்டிய பொருளாக இருந்த கால், காட்ட ஆசைப்படும் பொருளாகிவிடும்.

உறவினர் வீட்டுக்குப் போனால் 'பாவம்' என்ற சொல் காதில் விழாமல் இருக்காது. அதைக் கேட்டுக் கண்கலங்கும் அம்மாவின் முகத்தைத்தான் குழந்தை முதலில் படிக்கிறது. 'பாவமெல்லாம் இல்ல சித்தி, இவனைப் பிடிக்கத்தான் எங்களால முடியல' என்று சிரித்தபடி சொல்லிவிட்டால், குழந்தைக்கு அதைவிடப் பெரிய பலம் இல்லை.

முழங்கால் சிராய்க்கும், காலுறை மணலாகும், புதுக் காலின் பாதம் ஆறே மாதத்தில் தேய்ந்துபோகும். தேயட்டும். தேய்ந்த கால், ஓடிய பிள்ளையின் கால். மூலையில் புத்தம் புதிதாகச் சாய்ந்திருக்கும் காலைப் பார்த்துத்தான் பெற்றவர்கள் கவலைப்பட வேண்டும்.