சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்

இலக்கியக் கட்டுரைக்குச் சுருக்கம் வேண்டும் என்பதனை யாவரும் உடன்படுவர். சுருக்கமாவது யாது என வினவின், பலரும் பக்கக் கணக்கையே விடையாகத் தருகின்றனர். நம் இலக்கண நூலார் அவ்வாறு கொண்டிலர். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்துள் நூற்குரிய குற்றம் பத்தும் அழகு பத்தும் தொகுத்து ஓதினார். அழகினுள் முதற்கண் நிற்பது சுருங்கச் சொல்லல். அதனை அடுத்தது விளங்க வைத்தல். குற்றத்தினுள் முதற்கண் நிற்பதோ குன்றக் கூறல். மிகைபடக் கூறல் அதன் பின்னரே வருகின்றது. சுருக்கத்தை அழகென்றவரே குறைபடச் சொல்லுதலைக் குற்றங்களுள் முன்வைத்தமை நோக்கற்பாலது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் பெருவழியில் கீழ்பென்னாத்தூர் உள்ளது. அவ்வூர் மாணவர் ஒருவர் மலைபடுகடாத்தின் இயற்கை வருணனை பற்றிப் பட்ட வகுப்பிற்குக் கட்டுரை வரைகின்றார் எனக் கொள்வோம். நூலோ அவர்தம் நாட்டது. அண்ணாமலைக்கு மேற்கேயுள்ள செங்கத்தை, அந்நாளைய செங்கண்மாவை, ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிப் பாட்டு அது. எனினும் கட்டுரை பெரும்பாலும் எவ்வாறு தொடங்கும்? முச்சங்க வரலாறு ஒரு பக்கம்; பத்துப்பாட்டின் பெயர் வரிசை அரைப் பக்கம். மற்றொன்று விரித்தல் என்னும் குற்றம் இதுவே. பின்னர்ப் பின்வருமாறு ஒரு தொடர் வரும்:

‘புலவர் இயற்கையைக் கூர்ந்து நோக்கும் ஆற்றல் மிக்கவர் என்பது இந்நூலை ஊன்றிப் படிப்பார் அனைவர்க்கும் தெள்ளிதிற் புலனாகும்.’

இதன்கண் சொற்கள் 13. எந்நூலுக்கும் இது பொருந்தும். ஆகலின் இந்நூலுக்குப் பயன்படவில்லை. இதற்கு ஈடாக இவ்வாறு எழுதிப் பார்க்கலாம்:

‘யானையை ஓட்டக் குறவர் எறியும் கவண்கல் மூங்கிலில் தத்தி வருதலின், மரத்தை மறைவாகக் கொண்டு செல்க என்கிறார் புலவர்.’

இங்கே சொற்கள் 14. ஒன்று கூடியிருப்பினும் இதனையே யாம் சுருக்கம் என்போம். கூர்ந்து நோக்கும் ஆற்றலை முன்னைய தொடர் பெயரளவில் கூறிற்று, இது காட்டிற்று. காட்டியபின் அதனைத் தனியே கூற வேண்டுவதில்லை. பாராட்டுரை ஒரு பத்தி தானே உதிர்ந்துவிடும். பரணும் புனங்காவலும் இன்னவென மூத்தோர்பால் கேட்டறிய வாய்ப்புடைய மாணவர், அவ்வறிவை விடுத்து இரவற் புகழ்மொழிகளை அடுக்குதல் அவர்க்கே இழப்பாகும். தேர்வாளர் அவரிடம் எதிர்பார்ப்பதும் அவ்வறிவையே.

இனி, எத்துணை சுருக்கலாம் என்பது படிப்போரைப் பொறுத்தது. 1972-இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுதி இதற்குச் சான்று. அரசனது ஆட்சியாண்டு, ஊர், தொறு கொண்ட பூசல், பட்டான் பெயர் என்னும் அளவில் அக்கல்வெட்டுகள் பல முடிந்துவிடுகின்றன. பூசலைக் கண்ட ஊரார்க்கு அது சாலும். இன்று நமக்கோ, தொறு என்பது ஆநிரை என்பதற்கே உரை வேண்டும். கட்டுரையும் அத்தகையதே. தேர்வாளர் செங்கத்தைக் கண்டிராதவராகவும் இருக்கலாம். ஆகலின் நவிரம் என்று வாளா எழுதிச் செல்லாது, ‘நன்னனது மலை’ என்னும் இரு சொற்களைச் சேர்த்தல் மிகையாகாது.