‘இன்’ என்றால் எப்போதும் ‘இல்லை’ என்று பொருளா?

‘நீதி’ என்னும் சொல்லின் முன் ‘அ’ சேர்ந்தால் ‘அநீதி’. ‘சுத்தம்’ ‘அசுத்தம்’ ஆகிவிடும். ஆங்கிலத்திலும் இவ்வாறு பொருளை மறுக்கும் முன்னொட்டுகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றான ‘இன்’ என்பதைப் பற்றி இங்கு விளக்க விரும்புகிறோம்.

நாம் அனுப்பிய பாரம் ‘இன்கம்ப்ளீட்’ என்று திரும்பி வந்தால், அது முழுமையாக நிரப்பப்படவில்லை என்று பொருள். லைசென்ஸ் ‘இன்வேலிட்’ என்றால் அது செல்லாது. ‘இன்கரெக்ட்’ என்றால் சரியன்று. அடுத்து வரும் எழுத்துக்கேற்ப இம்முன்னொட்டு உருமாறுவதும் உண்டு. ‘இல்லீகல்’ என்பது சட்டத்திற்குப் புறம்பானது. ‘இம்பாசிபிள்’ என்பது இயலாதது.

இவற்றை அறிந்த ஒருவர், ‘ஃபிளேமபிள்’ என்றால் எளிதில் தீப்பற்றும், ஆகவே ‘இன்ஃபிளேமபிள்’ என்றால் தீப்பற்றாது என்று எண்ணிவிடக்கூடும். ஆபத்து இங்கேதான் உள்ளது. இவ்விரு சொற்களுக்கும் பொருள் ஒன்றே: எளிதில் தீப்பற்றக்கூடியது!

காரணம் என்ன? இலத்தீன் மொழியில் ‘இன்’ என்னும் முன்னொட்டு இரண்டு உண்டு. ஒன்று மறுப்பது, மற்றொன்று ‘உள்ளே’ எனப் பொருள் தருவது. தீமூட்டுதலைக் குறிக்கும் சொல்லில் அமைந்திருப்பது இரண்டாவதே. தீப்பற்றாத பொருளைக் குறிக்கும் சொல் ‘நான்-ஃபிளேமபிள்’ என்பதாகும். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே, அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1920-ஆம் ஆண்டுகளிலேயே ‘இன்’ சேராத சொல்லைப் பயன்படுத்துமாறு வலியுறுத்தியது. எனினும் பழைய சொல் இன்னும் வழக்கொழியவில்லை.

மலேசியாவில் 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, வேலையிடங்களுக்கு வரும் அபாயகரமான இரசாயனங்களின் லேபிள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருத்தல் வேண்டும். ‘முடா தெர்பாக்கார்’ என்றிருந்தால் எளிதில் தீப்பற்றும். சிவப்புக் கோடிட்ட சாய்சதுரத்தினுள் கரிய தீச்சுவாலைப் படம் இருந்தாலும் பொருள் அதுவே. படிக்கத் தெரியாதவரும் இப்படத்தை அறிந்துகொள்ளலாம்.

புல்வெட்டும் இயந்திரத்திற்குப் பெட்ரோல் ஊற்றும்போது இதனை நினைவிற் கொள்ளுதல் அவசியம். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. அது தரையோடு பரவிச் சென்று, சற்றுத் தொலைவிலுள்ள நெருப்பிலும் பற்றிக்கொள்ளும்.

ஆகவே, ‘இன்’ என்பதை மட்டும் கண்டு நெருப்பை அருகில் கொண்டு செல்லாதீர். ஐயம் எழுந்தால், அப்பொருள் தீப்பற்றும் என்றே கொண்டு விலகி நின்று, விவரம் அறிந்தவரைக் கேட்டுத் தெளிதல் நலம்.